நறுக்காத மாத்திரை அட்டை

வாங்க. செருப்ப அங்கனயே விட்டுருங்க. யாரும் எடுக்க மாட்டாவ. போன மாசம் மீட்டர் பாக்க வந்த ஆளு செருப்பக் காணும்னு நின்னாரு. அவரு செருப்புப் போட்டுட்டுத்தான் வந்தாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. உக்காருங்க. ஃபேன் போடுதேன்.

மாடி வீட்டக் காட்டுதேன், அவசரப்படாதிய. சாவி இந்தா என் இடுப்புலதான் இருக்கு. அதுக்கு முன்ன ஒரு வார்த்த பேசிக்கிடுவோம். எங்கிட்ட கண்டிசன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. கறி மீன் சமைக்கலாம். சொந்தக்காரவ வந்து போகலாம். தண்ணி நாள் முச்சூடும் வரும். ஒண்ணே ஒண்ணுதான். உங்க குப்ப உங்க குப்ப, எங் குப்ப எங் குப்ப. எங் குப்பையில நீங்க கை வைக்கக் கூடாது. அம்புட்டுதான்.

சிரிக்கியளா? சிரிங்க. வாரவிய எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யுதாவ. பொறவு நான் காரணத்தச் சொன்னா சிரிப்பு நின்னு போயிரும்.

நான் ஆளுகள சந்தேகப்படுத ரகம் கெடையாது, கேட்டியளா. எங்க கோயில்ல பெண்கள் சங்கத்துல யார வேணும்னாலும் கேளுங்க, வயலட் அக்காளுக்கு வெள்ள மனசும்பாவ. இப்ப நீங்க இவ்வளவு பெரிய கைப்பைய மடியில வச்சு உக்காந்திருக்கிய. அதுல என்ன இருக்குன்னு நான் கேட்டனா? கேக்கல. என்ன, குடையா? மழதான் இல்லையே. சரி சரி, உங்க குடை, உங்க இஷ்டம்.

உங்களுக்கு முன்ன மாடியில இருந்தவ சுகிர்தான்னு ஒரு பொண்ணு. வயசு முப்பத்தஞ்சு தாண்டியிருக்கும், கல்யாணம் ஆகல. இங்க சமாதானபுரம் பக்கம் ஒரு மருந்துக் கடையில வேல. நம்ம கோயிலுக்கு வாரவ, நம்ம போதகர் சம்சாரம் ஐயரம்மாவே சிபாரிசு பண்ணினாவ. அதனால குடுத்தேன். வந்த புதுசுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. மேல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாது, அப்படி ஒரு அமைதி. சத்தமே போடாத ஆளுககிட்டத்தான் நாம கவனமா இருக்கணும். அது அப்ப எனக்குத் தெரியாமப் போச்சு.

போன வருசம் அடமழ தொடங்கின சமயம். சங்கக் கூட்டத்துல ஐயரம்மா எந்திரிச்சு சொன்னாவ, இந்தக் கிறிஸ்மசுக்கு மரம் சோடிக்க கடையில ஒண்ணும் வாங்கப் போறதில்லன்னு. வருசா வருசம் சரிகையும் உருண்டையும் வாங்கி, ஜனவரில குப்பையில போடுதோம், இந்தத் தடவ நம்ம வீட்டுக் குப்பையிலருந்தே சரிகையும் உருண்டையும் செஞ்சா என்னன்னாவ. எல்லாரும் கை தட்டினாவ. நானும் தட்டினேன். தட்டலன்னா ஒரு மாதிரி பாப்பாவள்லா. யாரு பொறுப்பு எடுக்கியன்னு கேட்டதும் இந்தச் சுகிர்தா கைய்யத் தூக்கினா. வாயே தெறக்காதவ கைய்யத் தூக்குதாளேன்னு எனக்கு அப்பவே லேசா உறுத்திச்சு.

மறுநாளு காலையில மாடிப் படியில நின்னுக்கிட்டு எங்கிட்ட சொல்லுதா: "ஆன்ட்டி, உங்க வீட்டுல வெளிய போடுத சாமான் எதுன்னாலும் எங்கிட்ட குடுங்க. பால் கவர், முட்ட அட்ட, மாத்திரை அட்ட, எதுன்னாலும் சரி."

மாத்திரை அட்டன்னு சொன்னா பாருங்க, நான் கையில இருந்த குப்பைக் கூடைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டேன்.

ஏன்னு கேக்கியளா? உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நீங்க வெளியூர்க்காரவ. ஆனா வெளிய விட்டுராதிய. எனக்கு ஒரே மக, எப்சிபா. எப்சின்னு கூப்பிடுவோம். அவ பத்தாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு நாளு குளிச்சுட்டு வந்தவ அடுப்பங்கரை வாசல்ல அப்படியே விழுந்துட்டா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கு. எங்க வீட்டுக்காரவிய அப்ப உயிரோட இருந்தாவ. அவியதான் பிள்ளையத் தூக்கிட்டு மதுரைக்கு ஓடினாவ. இங்க ஆஸ்பத்திரி இல்லாமலா? இங்க காட்டினா ஊருக்குத் தெரிஞ்சுரும்லா. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. ஒழுங்கா சாப்பிட்டா ஒரு பயமும் இல்ல, எல்லாப் பிள்ளைகளையும் போல இருப்பான்னாரு. சொன்ன மாதிரி அதுக்குப் பொறவு வரவும் இல்ல. ஆனா மாத்திரைய நிறுத்தக் கூடாது.

கொமருப் பிள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும். மடியில கனமிருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாவ? அதனால நான் என்ன செய்வேன்னா, மாத்திரைய மதுரையிலேயேதான் வாங்குவேன். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொண்ணா பிதுக்கி எடுத்து, சத்து மாத்திரை டப்பாவுல போட்டு வச்சிருவேன். அந்த வெறும் அட்டைய கத்திரிக்கோல வச்சு நகத்தளவுக்கு நறுக்கிருவேன். பேரு தெரியக் கூடாதுல்லா. நறுக்கினத மீன் செதிலோட கலந்து, கவர்ல கட்டி, மார்க்கெட் போற வழியில தெருவுக்கு ஒண்ணா போட்டுட்டு வருவேன். பத்து வருசம் இப்படித்தான். எங் கைய்யப் பாருங்க, கட்ட விரல்ல காய்ச்சு போயிருக்கு. கத்திரிக்கோல் பிடிச்ச காய்ப்பு.

இப்படி நான் கண்ணுல விளக்கெண்ண விட்டுக் காவல் காக்குத நேரத்துல, மருந்துக் கடையில வேல பாக்கிறவ எங்கிட்ட வந்து மாத்திரை அட்ட குடுங்கன்னா நான் என்னன்னு நெனைக்க? எந்த மாத்திரை எதுக்குன்னு தெரிஞ்சவ. "எங்க வீட்டுல யாரு மாத்திரை சாப்பிடுதா? எனக்குப் பிரஷர் மாத்திரைதான், அதுவும் எப்பவாவது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அன்னையிலருந்து நான் அவள கவனிக்க ஆரம்பிச்சேன். வேவு பாக்கலம்மா, கவனிச்சேன். வத்தல் காயப் போடுத சாக்குல மொட்ட மாடிக்குப் போவேன். அடமழ காலத்துல என்ன வத்தல்னு நீங்க கேக்கலாம். அவளும் கேட்டா. கொடியப் பாத்தா சேல துணி இல்ல, பால் கவரா தொங்குது. கழுவி, கிளிப்பு போட்டு, வரிசையா. முட்ட அட்டையத் தண்ணியில ஊற வச்சு ஒரு வாளி நெறைய. பற்பசை டியூபு நெடுக வெட்டி விரிச்சு, உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்குது. ஷாம்பு பாக்கெட், பழைய கல்யாணக் கார்டு, பியூஸ் போன பல்பு. ஊர்க்குப்பை முழுக்க எந் தலைக்கு மேல குடியிருக்கு!

உள்ளதச் சொல்லணும், அவ கையில என்னமோ இருந்துச்சு. ஒரு பால் கவர நறுக்கி விசிறியா மடிச்சு, மேல ஒரு தைல டப்பா மூடிய வச்சா, தேவதூதன் கணக்கா ஒரு சம்மனசு பறக்குது. முட்ட அட்டையக் கவுத்து வர்ணம் பூசி உள்ள ஒரு பாசிமுத்து கட்டிவிட்டா மணி. நான் வாசல்ல நின்னு பாத்துட்டு, வத்தல் தட்டக் கீழ வைக்கக்கூட மறந்துட்டேன். அழகாத்தான் இருந்துச்சு. அழகா இருந்தா நல்லவன்னு அர்த்தமா?

பொறவு ஒரு சோதன வச்சேன். வெங்காயம் வாங்குத சிகப்பு வலைப்பை இருக்குல்லா, அதுல ஒரு மூலையில நீல நூலால ஒரு முடிச்சுப் போட்டு, நம்ம குப்பைக் கூடையில அடியில வச்சேன். கொஞ்ச நாளு கழிச்சு மேல போய்ப் பாத்தா, மேசையில கிறிஸ்மஸ் தாத்தா உக்காந்திருக்காரு. தலையில சிகப்புத் தொப்பி. தொப்பி நுனியில எந் நீல முடிச்சு!

"இது ஏது?"ன்னேன்.

"எப்சி குடுத்தா ஆன்ட்டி"ன்னா, கண்ணக்கூட சிமிட்டாம.

கீழ வந்து எப்சிகிட்ட கேட்டேன். "ஆமாம்மா, நாந்தான் எடுத்துக் குடுத்தேன். வெளிய போடுததுதானே?"ன்னா. பாத்தியளா? எம் பிள்ளையப் பொய் சொல்லவும் பழக்கிட்டா!

ஆமா, எப்சி அப்ப தெனம் சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போவா. நாலு துணி எடுக்க அம்புட்டு நேரமான்னு கேட்டா, ஈரம் காயலம்பா. கையப் பாத்தா விரல் நெடுக பசை காஞ்சிருக்கும். ஒரு நாளு மேலருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. யாரோ வெளி ஆளு வந்திருக்காவன்னு நெனச்சேன். நல்லாக் காது குடுத்துக் கேட்டா, எம் மக. அவ அப்படிச் சத்தமாச் சிரிச்சு நான் எத்தனையோ வருசமாக் கேட்டதில்ல. சிரிக்கும்படியா அங்க என்ன நடக்குன்னு எனக்கு இன்னும் சந்தேகம் கூடிப் போச்சு.

இந்த நேரத்துலதான் இங்க பக்கத்து ஊரு நாசரேத்துலருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. பையன் பேரு கெர்சோம், பேங்க் வேல, கோயம்புத்தூர்ல. அம்மா லிடியா டீச்சர், ரிட்டயர் ஆனவிய. நல்ல குடும்பம். தரகர் மூலமா பிள்ளைக்கு ஒடம்புக்கு எதும் உண்டுமான்னு கேட்டு விட்டாவ. எம் மகளுக்கு ஒரு தலவலி காய்ச்சல்கூட வந்ததில்லன்னு சத்தியம் பண்ணிச் சொல்லி விட்டேன். சொல்லாம? உண்டும்னா வருவாவளா?

எங்க ஆளுகள்ல ஒரு பழக்கம் உண்டு. பொண்ணு பாக்க மொதல்லயே வீட்டுக்கு வரமாட்டாவ. வந்து பலகாரம் சாப்பிட்டுட்டு வேண்டாம்னு போனா ரெண்டு பக்கமும் சங்கடம் பாருங்க. அதனால கோயிலுக்கு வருவாவ. ஆராதனைக்கு வந்த மாதிரி வந்து, பாடகர் குழுவுல நிக்குத பிள்ளைய நல்லாப் பாத்துட்டுப் போவாவ. பிடிச்சிருந்தாத்தான் வீட்டுக்கு ஆள் விடுவாவ. பிடிக்கலன்னா யாரும் வரவுமில்ல, யாரும் போகவுமில்ல. லிடியா டீச்சர் கேரல் ஆராதனைக்கு வாரோம்னு சொல்லி விட்டாவ.

எனக்குக் கால் தரையில பாவல. எப்சிக்குப் புது பட்டு எடுத்தேன். அவளுக்கு இஷ்டமான்னு கேட்டியளா? ஏன், இஷ்டமில்லாம என்ன? ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலன்னா சரின்னுதானே அர்த்தம்?

அன்னைக்குச் சாயங்காலம் ஆராதனைக்கு வெகு முன்னமே கோயிலுக்குப் போயிட்டேன், முன் வரிசையில எடம் பிடிக்க. மரம் பலிபீடத்துக்கு எடது பக்கம் நிக்கு. சவுக்கு மரம். லைட்டுப் போட்டிருக்காவ. சொல்லப்படாது, அப்படி ஒரு ஜொலிப்பு. நம்ம சபையார் வீட்டுக் குப்பைன்னு யாரும் சொல்ல மாட்டாவ. நானும் ஆசையாத்தான் கிட்டப் போனேன். போனா, கண்ணுக்கு நேரா ஒரு நட்சத்திரம் தொங்குது. வெள்ளி நட்சத்திரம். இதழ் இதழா மடிச்சு, மத்த எல்லாத்தையும் விட அதுதான் மினுங்குது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். மாத்திரை அட்ட. ஓரத்துல நீல எழுத்துல பேரு.

எம் மக மாத்திரைப் பேரு.

பத்து வருசமா நான் நறுக்கி நறுக்கி ஒளிச்ச பேரு, கோயில்ல, பலிபீடத்துக்குப் பக்கத்துல, லைட்டு போட்டுத் தொங்குது! அதுவும் நாசரேத்துக்காரவ வார அன்னைக்கு! தற்செயலா நடந்ததுன்னு நீங்க நம்புவியளா? நான் நம்பல. பிடிச்சு இழுத்தேன். அது கம்பி போட்டுக் கட்டியிருக்கா, கெளையோட வருது. மணியும் சம்மனசும் பொலபொலன்னு உதிருது. அந்த நேரம் பாத்துப் பின்னால "ஆன்ட்டி, என்ன செய்யுதிய?"ன்னு குரல். திரும்பினா சுகிர்தா.

நான் கேட்டேன்: "ஏட்டி, நீ நல்லாயிருப்பியா? எம் மக வலிப்பு மாத்திரை அட்டையக் குப்பையிலருந்து பொறுக்கி, கோயில்ல கட்டித் தொங்க விட்டிருக்கியே, எம் பிள்ள வாழ்க்கையக் கெடுக்கவா எந் தலைக்கு மேல குடி வந்த?"

மெதுவாத்தான் கேட்டேன். சத்தியமா மெதுவாத்தான். ஆனா கேரல் பாட மைக்க மரத்துக்குப் பக்கத்துல வச்சிருக்காவ, எந்தப் பயலோ அத ஆன் பண்ணி வேற வச்சிருக்கான். நான் கேட்டது கோயில் முழுக்க கேக்கு. வெளிய கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்லயும் கேட்டுச்சாம், தெரு முனையில டீக்கடை வரைக்கும். அந்த மைக்க ஆன் பண்ணினது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் நான் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

திரும்பிப் பாத்தா கோயில் வாசல்ல லிடியா டீச்சர், பையன் கெர்சோம். செருப்பக் கழட்டினபடி அப்படியே நிக்காவ.

சுகிர்தா அழல. "ஆன்ட்டி, அது எப்சியோடது இல்ல. என்னோடது. நான் சாப்பிடுத மாத்திரை. சின்ன வயசுலருந்து எனக்கு உண்டு"ன்னா. அதுவும் மைக்குல கேட்டுச்சு.

நான் பொய்யின்னேன். அப்பதான் எப்சி பாடகர் குழுவுலருந்து எறங்கி வந்தா. பட்டுச் சேலைய ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நேரா எங்கிட்ட வந்து, எங் கையிலருந்து அந்த நட்சத்திரத்த வாங்கினா. "அம்மா, நம்ம வீட்டு அட்டைய நீங்க நறுக்கில்லா போடுதிய? இது முழு அட்ட, பாருங்க"ன்னா.

பாத்தேன். ஒவ்வொரு இதழும் முழு அட்டதான். ஒரு வெட்டு இல்ல. அந்த நேரத்துல அதெல்லாம் யாருக்கு யோசிக்க வரும்? நீங்களே சொல்லுங்க.

எப்சி அந்த நட்சத்திரத்த நேராக்கி, ஊதி, பழைய எடத்துலயே கட்டினா. பொறவு சபையப் பாத்துத் திரும்பி, "நானும் அதே மாத்திரைதான் சாப்பிடுதேன்"ன்னு சொல்லிட்டு, போய் அவ எடத்துல நின்னுக்கிட்டா. அன்னைக்கு அவ பாடின பாட்ட நீங்க கேட்டிருக்கணும். நான் முன் வரிசையில தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். ஆனா குரல் கேட்டுச்சு. அவ எப்பவும் மத்த பிள்ளைக குரலுக்குள்ள ஒளிஞ்சுதான் பாடுவா. அன்னைக்கு ஒளியல.

ஆராதன முடிஞ்சதும் லிடியா டீச்சர் எங்கிட்ட வந்தாவ. நான் அவிய கையப் பிடிச்சுக்கிட்டேன். "டீச்சர், அந்தப் பேர நீங்க பாத்துறப்படாதேன்னுதான்..."ன்னு இழுத்தேன். "கண்ணாடி இல்லாம எனக்கு மரம் எது மனுசன் எதுன்னே தெரியாது, இதுல மாத்திரைப் பேரையா வாசிக்கப் போறேன்?"ன்னாவ. பொறவு கைய உருவிக்கிட்டு, "எங்க அண்ணன் மவளுக்கும் இது உண்டு. கட்டிக் குடுத்து ரெண்டு பிள்ளையோட நல்லாத்தான் இருக்கா. உங்க பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்ல வயலட். சத்தியம் பண்ணிச் சொல்லி விட்டியளே, எனக்கு உங்களத்தான் பயமா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ.

எல்லாம் சாக்கு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? தவள தன் வாயால கெடும்பாவ. அந்தச் சுகிர்தா மட்டும் அன்னைக்கு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா, நான் எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். நான் சொல்லுதது சரிதானே?

பொறவென்ன. புது வருசம் கழிஞ்சதும் சுகிர்தா வீட்டக் காலி பண்ணிட்டா. மதுரையில ஒரு மருந்துக் கடையில வேல கெடச்சிருக்குன்னா. போகும்போது மாடியக் கழுவி விட்டுட்டுப் போயிருந்தா. எதையாவது மறைக்கத்தான் கழுவினாளோன்னு நான் மூல முடுக்கெல்லாம் பாத்தேன். ஒண்ணும் இல்ல. சன்னல் கம்பியில ஒரு பால் கவர் சம்மனசு மட்டும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

பள்ளிக்கூடம் தெறக்கவும் எப்சிக்கும் மதுரையிலேயே டீச்சர் வேல. எங்க தங்கியிருக்கா? அவ கூடத்தான். ரெண்டு பேரும் ஒரே மாத்திரை, ஒரே நேரத்துக்குப் போடுவாவளாம், ஒருத்தி மறந்தா ஒருத்தி ஞாபகப்படுத்துவாளாம். எங்கிட்ட பெருமையாச் சொல்லுதா. வேலையில சேந்த மொத நாளே பெரிய டீச்சர்கிட்ட, எனக்கு இப்படி ஒண்ணு உண்டும்னு சொல்லிட்டாளாம். "அவிய என்னட்டி சொன்னாவ?"ன்னு கேட்டேன். "சரின்னாங்கம்மா"ன்னா. அம்புட்டுதானாம். எத்தன மீன் செதில், எத்தன கத்திரிக்கோல்! எல்லாத்துக்கும் ஒரு 'சரி'. அன்னைக்குப் போன வச்சுட்டு நான் அழுதேன், மறைக்கதுக்கு என்ன.

ஞாயித்துக் கிழம தவறாம போன் போடுவா. இந்தக் கிறிஸ்மசுக்கு வாறியான்னு கேட்டேன். "அக்கா வந்தா வாரேன். அக்கா வரணும்னா நீங்கதான் கூப்பிடணும்"ன்னு சொல்லிட்டா. அந்தச் சுகிர்தாதான் சொல்லிக் குடுத்திருப்பா. இல்லன்னு சொல்லுதியளா? உங்களுக்குத் தெரியாது, எம் பிள்ள என்னய எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல.

என்ன, தலைய அமுக்கிப் பிடிக்கிய? தலவலியா? வாரவிய எல்லாருக்கும் இந்த வீட்டுல தலவலி வந்துருது, காத்தோட்டம் சரியில்லையோ என்னமோ. இருங்க, தண்ணி கொண்டாரேன். மாத்திரை கையோட வச்சிருக்கியளா? நல்லதாப் போச்சு. போடுங்க.

ஏய், ஏய், கசக்காதிய! அது கடைசி மாத்திரைதானே, அந்த அட்டைய இங்க குடுங்க. குப்பையில போட இல்ல. குடுங்க சொல்லுதேன்.

இந்த பிஸ்கட் டப்பா பாக்கியளா? தெறந்து பாருங்க. பாம்பா இருக்கு, தெறங்க. பாதி எம் பிரஷர் மாத்திரை அட்ட. மீதி எதுத்த வீட்டுல, பக்கத்து வீட்டுல வாங்கினது. எதுக்குன்னு அவிய கேக்கல, நானும் சொல்லல. மடிச்சுப் பாத்தேன், எனக்கு அந்த இதழு வர மாட்டேங்கு, கோணிக்கிட்டுப் போகுது. அதுக்கு அவ கைதான் வேணும்.

எந்திரிச்சிட்டியளா? யோசிச்சுச் சொல்லுதேம்பிய. எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. மாடியப் பாக்காமலேயேவா? சரி. ஒரு உதவி மட்டும் செய்யுங்க. உங்க போன்லருந்து ஒரு நம்பர் போட்டுத் தாங்க. எம் போன் இருக்கு, நல்லாத்தான் இருக்கு. எந் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டாளோன்னு ஒரு சந்தேகம். நம்பர் எனக்கு மனப்பாடம். எப்படின்னு கேக்காதிய, சொல்லுதேன், போடுங்க.

மணி அடிக்குல்லா? இப்படிக் குடுங்க.

அலோ. சுகிர்தாவா? நாந்தான். வயலட் ஆன்ட்டி. வச்சுராத. இல்ல, எப்சிக்கு ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்ல. இது வேற ஒருத்தியோட போனு, வீடு பாக்க வந்தா. இல்லம்மா, குடுக்கல. யாருக்கும் குடுக்கல. மாடி உனக்குத்தான் பூட்டிக் கெடக்கு, சாவி எங்கிட்டதான் இருக்கு. நீ வா. அவளையும் கூட்டிட்டு வா. கேக்கியா? இந்த வருசத்து மரத்துக்கு ஒரு டப்பா நெறைய அட்ட சேத்து வச்சிருக்கேன். இல்லட்டி, நறுக்கல. எல்லாம் முழுசாத்தான் இருக்கு.